பக்கத்தில் ஓடுபவர்

நாச்சிமுத்து வலைப்பூ தொடங்கியதற்குக் காரணம், ஓட்டத்தைப் பற்றி அவர் பேசினால் கேட்பதற்கு வீட்டில் ஆள் இல்லாமல் போனதுதான்.

அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவர் அவருடைய மனைவி சாந்தாமணி. ஒரு காலை தோசைக் கல்லின் முன்னால் நின்றபடி அவர் சொன்னார்: "ஓடறப்ப குதிகால் முதல்ல படுதா, முன்னங்கால் முதல்ல படுதான்னு இன்னொருக்கா ஆரம்பிச்சீங்கன்னா, இந்தக் கரண்டி முதல்ல எங்க படும்னு காட்டிப்போடுவேன்."

அன்று சாயங்காலமே 'குதிகால் குறிப்புகள்' பிறந்தது.

நாச்சிமுத்துவுக்குக் கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் வேலை. ஓடும் மோட்டாரின் மேல் உணர்வியை ஒட்டி, திரையில் எழும் அலையைப் பார்த்து, எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது, எந்தத் தண்டு வளைந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். மோட்டாரைத் திறக்காமலே அதன் வயிற்றுவலியைச் சொல்லிவிடுவார். நாற்பது வயதுக்கு மேல் ஓடத் தொடங்கியபோது, ஷூவுக்குள் வைக்கும் உணர்வி இன்சோல் ஒரு ஜோடி வாங்கினார். ஒவ்வொரு காலும் தரையில் எவ்வளவு நேரம் நிற்கிறது, எடை எங்கே விழுந்து எங்கே எழும்புகிறது என்பதை அது இரண்டு கோடுகளாகக் கைபேசியில் வரைந்து காட்டும். இடது காலுக்கு நீலம், வலது காலுக்குச் சிவப்பு. முதல் முறை அந்தப் படத்தைப் பார்த்தபோது, இத்தனை வருடம் தூக்கிச் சுமந்த உடம்பிடமிருந்து கடிதம் வந்ததைப் போல இருந்தது அவருக்கு.

வலைப்பூவின் வலது ஓரத்தில் ஒரு சிறிய பெட்டியை அமைத்தார். அவர் ஓடி முடித்ததும் அன்றைய படம் தானாகவே அதில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பழைய படங்களும் வரிசையாக அதன் கீழேயே இருக்கும். 'நான் எழுதாத நாளிலும் என் கால் எழுதும்' என்று பெட்டிக்கு மேலே ஒரு வரி போட்டுவைத்தார்.

அந்த ஆண்டுகளில் அட்டையும் கைரேகையும் ஒழிந்து, நடையே அடையாளமாகியிருந்தது. மாடிப்படியில் ஏறி வருவது அப்பாவா அண்ணனா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுகிறோம் அல்லவா, அதே வித்தைதான். பேருந்து நிலையம், ரயில் நிலையம், ரேஷன் கடை, பெண்கள் விடுதி என்று எல்லா வாசலிலும் தரையில் ஒரு தட்டு பதித்திருந்தார்கள். அதன்மேல் நடந்து போனால் மூன்றாவது அடிக்குள் கதவு திறந்துவிடும். புதுச் செருப்பு போட்டாலும், தோளில் அரிசி மூட்டை தூக்கினாலும், ஷூவுக்குள் கல்லைப் போட்டுக்கொண்டு நொண்டினாலும் தட்டு ஏமாறாது. எலும்பு முறிந்தால், அறுவை சிகிச்சை நடந்தால், சில பெண்களுக்குப் பிள்ளைப்பேறு ஆனால் நடை உண்மையாகவே மாறும். அப்போது டாக்டரின் சான்றோடு போய்ப் புது நடையைப் பதிந்துகொள்ள வேண்டும். ஜனங்கள் இதற்கெல்லாம் பழகிவிட்டிருந்தார்கள். பணப்பை தொலையலாம், கால் தொலையாது என்று விளம்பரம்கூட வந்தது.

நாச்சிமுத்துவின் வலைப்பூவை முதலில் படித்தவர்கள் அவருடைய ஓட்டக் குழுவினர்தான். உக்கடம் குளத்துக்கரையில் ஞாயிறுதோறும் விடியும்போது கூடும் பத்துப் பன்னிரண்டு பேர். அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஓட்டம் முடிந்ததும் டீக்கடையில் எல்லோரும் அவரவர் படத்தைக் காட்ட வேண்டும். படம் காட்டாதவர் மற்ற எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும்.

ஒவ்வொரு ஞாயிறும் டீ வாங்கித் தந்தவள் பாக்கியமேரி.

அவள் குழுவில் சேர்ந்து ஒரு வருடம் இருக்கும். முப்பது வயதுக்குள். தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு. பல் செட் செய்யும் ஆய்வுக்கூடத்தில் வேலை, பெண்கள் விடுதியில் வாசம். கல்லூரியில் நானூறு மீட்டர் ஓடியவள். ஓடும்போது அவளுடைய இடது கால் மட்டும் கொஞ்சம் பிந்தித் தரையைத் தொடும். அதனால் ஓட்டத்தில் ஒரு தாளம் வரும். குழு ஓட்டங்களில் நாச்சிமுத்து அவளுக்குப் பக்கத்தில்தான் ஓடுவார். அந்தத் தாளம் அவருக்குப் பிடித்திருந்தது.

இன்சோல் வாங்க வசதியில்லாமல்தான் அவள் டீ வாங்கித் தருகிறாள் என்று அவர் நினைத்தார். அதனால் ஒரு ஞாயிறு தன்னிடமிருந்த பழைய ஜோடியைக் கொண்டுவந்தார்.

"வேண்டாம்ணே."

"ஏனுங்க மேரி, சும்மா ஒரே ஒரு தடவை. உங்க பேர்ல பதிய வேண்டாம், என் போன்லயே வரட்டும். உங்க காலு என்ன செய்யுதுன்னு நீங்க பார்க்க வேண்டாமா?"

"எங்காலு என்ன செய்யும், என்னைத் தூக்கிட்டுப் போகும்."

"அது தெரியுது. எப்படித் தூக்குதுன்னு தெரியுமா?"

குழுவின் மூத்தவர் டாக்டர் கமர்நிஷா, எலும்பு மருத்துவர், டீ டம்ளரோடு சிரித்தார். "வாங்கிப் போட்டுக்கம்மா. இல்லேன்னா இந்த மனுஷன் இன்னும் அரைமணி நேரம் விளக்குவாரு. எனக்கு எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி இருக்கு."

அவள் போட்டுக்கொண்டு ஓடினாள். படம் வந்தது. இரண்டு தலைகளும் கைபேசியின் மேல் கவிழ்ந்திருக்க, நாச்சிமுத்து விரலால் நீலக் கோட்டைத் தொட்டுக் காட்டினார். "பாருங்க, இங்க தயங்குது. கணுக்கால் உடைஞ்சிருக்குது, சேர்ந்தும் போச்சு. ஆனா காலுக்கு இன்னும் பயம் போகலை. ஒவ்வொரு அடிக்கும் ஒரு தடவை யோசிச்சுட்டுத்தான் இறங்குது."

மேரி வெகுநேரம் அந்தக் கோட்டையே பார்த்தாள். "அப்படியா சொல்லுது?" என்றாள் மெதுவாக. அன்று முதல்முறையாக வேறு யாரோ அவளுக்கு டீ வாங்கித் தந்தார்கள்.

அந்த வார இறுதியில் 'பயம் போகாத கால்' என்ற பதிவை நாச்சிமுத்து எழுதினார். அதுவரை எழுதியதிலேயே அதுதான் நன்றாக வந்திருந்தது. பெயரைப் போடவில்லை. 'என் தோழி ஒருவர்' என்று மட்டும் எழுதினார். முகம் இல்லை, ஊர் இல்லை. படத்தை மட்டும், பெரிதாக்கி, அம்புக்குறி போட்டுப் பதிவின் நடுவில் வைத்தார்.

வலைப்பூவுக்கு அப்போது குழுவுக்கு வெளியிலிருந்தும் வாசகர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவரை நாச்சிமுத்துவுக்கு மிகவும் பிடித்திருந்தது. 'மெதுவோட்டக்காரன்' என்பது அவர் போட்டுக்கொண்ட பெயர். எல்லாப் பதிவுகளையும் படிப்பார். அவசரமே இல்லாமல், மரியாதையாக, நல்ல கேள்வியாகக் கேட்பார். முழங்கால் வலிக்கு என்ன செய்யலாம், எந்த ஷூ நல்லது என்றெல்லாம் கேட்டுவந்தவர், 'பயம் போகாத கால்' பதிவின் கீழே எழுதினார்: 'அருமை ஐயா. கணுக்கால் உடைந்தவர்கள் எல்லோருக்கும் இப்படித்தான் இருக்குமா, அல்லது ஆளுக்கு ஆள் மாறுமா?'

'ஆளுக்கு ஆள் மாறும் நண்பரே. உடைந்த விதம், சேர்ந்த விதம், அதை அவர் சுமக்கும் விதம், எல்லாம் சேர்ந்துதான் இந்தக் கோடு. உலகத்தில் இன்னொருவருக்கு இது வராது.'

அடுத்த பதிவில், துணையோடு ஓடுவதைப் பற்றி எழுதினார். இரண்டு பேர் சில வாரம் தொடர்ந்து பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் அவர்களுடைய காலடிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். சுவரில் மாட்டிய இரண்டு கடிகாரப் பெண்டுலங்கள் சேர்ந்து ஆடத் தொடங்குவது போல. அவர் நடையில் பாதி இவருக்கு ஏறும், இவர் நடையில் பாதி அவருக்கு. குளத்துக்கரை ஓட்டங்களால் தன்னுடைய படத்திலும் ஒரு சிறு வளைவு வந்திருப்பதாக எழுதினார்.

மெதுவோட்டக்காரன் கேட்டார்: 'ஐயா, ஒருவர் படத்தில் மாற்றம் வந்தால், அது காயத்தால் வந்ததா, துணையால் வந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?'

நாச்சிமுத்துவுக்குக் காபி ஆறிப்போனதே தெரியவில்லை. இப்படி ஒரு கேள்விக்காகத்தானே வலைப்பூ தொடங்கியது? உட்கார்ந்து நீளமாகப் பதில் எழுதினார்.

'மிக நல்ல கேள்வி. காயம் என்றால் படம் ஒரே நாளில் உடையும். துணை என்றால் மெல்ல மெல்ல வளையும். இன்னொன்றும் சொல்கிறேன். பாதிதானே ஏறுகிறது? அதனால், பழைய படத்துக்கும் புதிய படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து இரண்டால் பெருக்கிப் பழைய படத்தோடு கூட்டினால், பக்கத்தில் ஓடியவருடைய நடை கிடைத்துவிடும். அவரை நீங்கள் பார்த்தேயிருக்க வேண்டாம்!'

'நன்றி ஐயா. நீங்கள் நல்ல ஆசிரியர்.'

*

"அண்ணே, கதவு யோசிக்குது."

அன்று ஞாயிறு இல்லை. மேரி தொழிற்சாலை வாசலுக்கே வந்திருந்தாள். நாச்சிமுத்து உணவு இடைவேளையில் வெளியே வந்து, சாலையோர வேப்பமரத்தடியில் அவளைப் பார்த்தார்.

"எந்தக் கதவுங்க?"

"எல்லாக் கதவும். ரெண்டு நாளா. பஸ் ஸ்டாண்டுல மூணாவது அடியில தொறக்கணும்லா? தொறக்கலை. நின்னு, ஒரு மூச்சு விட்டு, பொறவுதான் தொறக்குது. ஹாஸ்டல்லயும் அப்படித்தான். முன்னாடி போற பிள்ளைக்கு உடனே தொறக்குது. எனக்கு மட்டும் யோசிக்குது."

நாச்சிமுத்து வழக்கம்போல இயந்திரத்தை நினைத்தார். "தட்டுல தூசி அடைஞ்சிருக்கும். இல்லேன்னா நெட்வொர்க்…"

"எல்லாத் தட்டுலயுமா, எனக்கு மட்டுமா?"

அவள் கைபேசியை நீட்டினாள். அதில் 'பயம் போகாத கால்' திறந்திருந்தது.

"இதை எப்பண்ணே போட்டீங்க?"

"மூணு வாரம் ஆச்சுங்க. உங்க பேரு எங்கேயும் இல்லை, பாருங்க. முகமும் இல்லை."

"அண்ணே," என்றாள் அவள். கோபம் இல்லை அந்தக் குரலில், களைப்புதான் இருந்தது. "எம்பேரே பாக்கியமேரி இல்ல. முகத்தை முக்காடு போட்டு மறைச்சிக்கிடலாம். எங்கிட்ட இருந்தது அந்தக் கோடு ஒண்ணுதான்."

அன்று சாயங்காலம் கமர்நிஷாவின் வீட்டுக் கூடத்தில் மூவரும் உட்கார்ந்தார்கள். டாக்டருக்கு மேரியின் கதை முன்பே தெரியும். அவள் கோவைக்கு வந்த புதிதில், முறிந்து சேர்ந்த காலுக்குச் சான்று கொடுத்தவர் அவர்தான். நாச்சிமுத்துவுக்கு மட்டும் இப்போது சொன்னார்கள்.

மேரியின் கணவன் ஒருபோதும் குரலை உயர்த்தாதவன். எல்லோரிடமும் மரியாதையாகப் பேசுவான். கதவைப் பூட்டும்போதுகூடச் சத்தம் வராமல் பூட்டுவான். ஒரு நாள் அவளை மாடியிலிருந்து தள்ளினான். கணுக்கால் இரண்டாக முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீடு திரும்பவில்லை.

"அந்த முறிவுதான் அவளைக் காப்பாத்துச்சு," என்றார் கமர்நிஷா. "நடை மாறிப்போச்சில்ல. நான் சான்று கொடுத்தேன், கோர்ட்டு அனுமதியோட புதுப் பேர்ல புது நடையைப் பதிஞ்சோம். அவன்கிட்ட இருக்கறது பழைய நடை. அது இந்த உலகத்துல இப்ப யாருக்குமே இல்லாத நடை."

"அப்ப அவருக்கு எப்படி…"

"காணாமப் போனவங்களைத் தேடற வசதி இருக்குதில்லப்பா நாச்சி? எங்க மாமாவுக்கு மறதி நோய் வந்து வீட்டை விட்டுப் போனப்ப, அதுலதான் கண்டுபிடிச்சோம். பழனி பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்திருந்தார். ரத்த சொந்தமோ, கட்டினவங்களோ, ஒரு நடைப் படத்தைக் கொடுத்தாப் போதும். அந்த நடை எந்த வாசலைத் தாண்டினாலும் தட்டு அவங்களுக்குச் செய்தி அனுப்பும். நல்லதுக்குன்னு செஞ்சதுதான். அந்தச் செய்தி போற நேரம்தான், கதவு யோசிக்கற நேரம்."

"ஆனா நான் போட்டது ஓடற படமுங்க. தட்டுல பதியறது நடக்கறது."

சொல்லி முடிக்கும்போதே அவருக்கு விடை தெரிந்துவிட்டது. வேகமாக எழுதினாலும் மெதுவாக எழுதினாலும் கையெழுத்து ஒன்றுதான். இதையும் அவரே ஒரு பதிவில் எழுதியிருந்தார்.

"உங்க வலைப்பூவை யாரெல்லாம் படிக்கறாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"நம்ம குழுதான். அப்புறம் வெளியூர்க்காரங்க கொஞ்சம் பேர். ஒருத்தர் ரொம்ப ஆர்வமா படிக்கறாரு, ஆனா பாவம், முழங்கால் வலிக்காரர், இப்பத்தான் ஓடவே ஆரம்பிச்சிருக்கறார்."

மேரி தலை நிமிர்த்தினாள். "எப்படிப் பேசுவாரு?"

"ரொம்ப மரியாதைங்க."

உள்ளே குக்கர் விசில் அடித்தது. மேரி எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "நான் எங்க போனாலும் ஓடாம இருக்க மாட்டேன்னு அவனுக்குத் தெரியும். ஓடுறவங்க எழுதுறதாத் தேடித் தேடிப் படிச்சிருப்பான்," என்றாள்.

நாச்சிமுத்து அங்கேயே பதிவை அழித்தார். அழித்தாலும் பயனில்லை என்று மூவருக்கும் தெரியும். அடுத்த ஞாயிறு டீக்கடைக்காரர் அவரிடம், "உங்க குழுவுல ஓடுமே ஒரு பொண்ணு, அதைக் கேட்டு ஒருத்தர் வந்தாருங்க. ரொம்ப நல்ல மாதிரி. நின்னு டீ குடிச்சாரு, டம்ளரைக் கழுவி வெச்சுட்டுப் போனாரு," என்றார்.

*

நடையை மாற்றிவிடலாம் என்று சொன்னவர் நாச்சிமுத்துதான். சொன்ன நிமிடம் அவருடைய கண்ணில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து மேரிக்குச் சிரிப்புகூட வந்தது.

"ஷூவுக்குள்ள ஆப்பு வெச்சா தட்டு கண்டுபிடிச்சிரும், ஏன்னா அது நடிப்பு. பழக்கமே மாறிட்டா அது நடிப்பு இல்லை, அதுதான் நடை. இப்ப உங்க இடது கால் பிந்தி இறங்குது. அதை முந்தி இறங்கி, அதிக நேரம் நிக்கற மாதிரி மாத்தணும். முதல்ல ஆப்பு வெச்சு ஓடுங்க. நான் பக்கத்துலயே ஒரே சீரா ஓடி அந்தத் தாளத்தைப் பிடிச்சு வெச்சுக்கறேன். நாளுக்கு நாள் ஆப்பை மெலிசாக்குவோம். கடைசில ஆப்பு இருக்காது, நடை இருக்கும்."

"எங்கால் பயத்தை நீங்க எடுக்கப் போறீங்களா?"

"எடுக்க முடியாதுங்க. வேற இடத்துல வெக்கப் போறோம்."

மேரி விடுதியைக் காலி செய்துவிட்டு டாக்டரின் வீட்டில் தங்கினாள். எந்த வாசல் தட்டையும் மிதிக்கவில்லை. டாக்டருக்குச் சொந்தமான தென்னந்தோப்பு பேரூரைத் தாண்டி இருந்தது. விடியும் நேரத்தில் டாக்டர் தன் காரில் அவளைக் கூட்டிவருவார். தோப்பைச் சுற்றிய மண்பாதையில் இருவரும் ஓடுவார்கள். டாக்டர் வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "இடது! இடது! அம்மா, தூங்குது உன் இடது!" என்று கத்துவார்.

முதல் வாரம் அவள் தடுமாறி இரண்டு முறை விழுந்தாள். இரண்டாவது வாரம் இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு அழுதாள். மூன்றாவது வாரம் ஒரு காலை, ஆப்பு இல்லாமல் ஓடி வந்து நின்றபோது, மூச்சு வாங்க, "அண்ணே, ஒரு மாதிரி இருக்கு," என்றாள். "கல்லூரியில ஓடினதும் என் ஓட்டம்தான். உடைஞ்ச பொறவு ஓடினதும் என் ஓட்டம்தான். இது யாருது?"

நாச்சிமுத்து தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினார்.

கமர்நிஷா மறுபடியும் சான்று எழுதினார். பழைய முறிவுக்குப் பிந்திய சிகிச்சையால் நடை மாற்றம். நீதிமன்ற அனுமதியோடு புதுப் பதிவு. பதிவு முடிந்ததும் பழைய கோடு செத்துவிட்டது. அவன் கையில் இருப்பது மறுபடியும் யாருக்கும் இல்லாத ஒரு நடை. புது நடையின் படம் ஒன்றுகூட வெளியில் இல்லை. அந்த மூன்று வாரமும் மேரியின் ஷூவுக்குள் உணர்வி இன்சோல் வைக்கக் கூடாது என்பதில் நாச்சிமுத்து கண்டிப்பாக இருந்தார்.

புறப்படும் காலையில் தோப்பு வாசலில் நின்று அவள் சொன்னாள்: "எந்த ஊருன்னு உங்க ரெண்டு பேருக்குமே சொல்லப் போறதில்ல. டாக்டரம்மாவாவது வாயை மூடிட்டு இருப்பாங்க. உங்களுக்குத் தெரிஞ்சா, நீங்க யாருக்காவது நல்லாப் புரியற மாதிரி விளக்கிடுவீங்க."

"அது நியாயந்தானுங்க."

"போன் நம்பரும் இன்னைக்கோட போயிரும். நானா கூப்பிட மாட்டேன். கூப்பிட்டா அதுவும் ஒரு தடம்."

"நான் வலைப்பூவையே மூடிப்போடறேன் மேரி."

"மூடாதீங்க," என்றாள் சட்டென்று. "எழுத வேண்டாம். ஆனா ஓரத்துல இருக்கே ஒரு பெட்டி, அன்னன்னைக்கு நீங்க ஓடின படம். அதை மட்டும் எடுத்துடாதீங்க. எப்பவாவது வந்து பார்த்துக்கிடுவேன். நீலமும் சிவப்பும் ஓடிட்டு இருந்தா, அண்ணன் நல்லா இருக்காருன்னு தெரிஞ்சுக்கிடுவேன். எனக்குன்னு வேற யாரைப் பத்தின சேதி வரப்போவுது?"

அவர் சரி என்றார். அவள் நடந்து போனதைப் பின்னாலிருந்து பார்த்தார். அவருக்குத் தெரியாத ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள். வேலை சுத்தமாக முடிந்திருந்தது. ஒரு நல்ல மோட்டாரைச் சோதனை முடித்து அனுப்பும்போது வரும் நிறைவு அவருக்குள் வந்ததை அவரால் தடுக்க முடியவில்லை.

*

இரண்டு வாரம் எந்தச் செய்தியும் இல்லை. இப்படி ஒரு காரியத்தில் செய்தி இல்லாமல் இருப்பதுதான் நல்ல செய்தி என்று கமர்நிஷா சொன்னார். நாச்சிமுத்து ஒன்றும் எழுதவில்லை. தினமும் ஓடினார். பெட்டி தன் பாட்டுக்குப் படத்தைப் போட்டுக்கொண்டிருந்தது.

ஒரு காலை, ஓடிவிட்டு வந்து காபியோடு உட்கார்ந்தபோது, வலைப்பூவில் புதுப் பின்னூட்டம் ஒன்று இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு மெதுவோட்டக்காரன்.

'வணக்கம் ஐயா. நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டது வருத்தமாக இருக்கிறது. ஆனால் தினமும் வந்து உங்கள் காலைப் படித்துக்கொண்டிருக்கிறேன். சென்ற மாதம், மூன்று வார காலம், உங்கள் இடது கால் முந்தி இறங்கி, வழக்கத்தைவிட அதிக நேரம் தரையில் நின்றிருக்கிறது. இப்போது மெல்லச் சரியாகி வருகிறது. ஏதாவது வலியா? அல்லது யாருடனாவது சேர்ந்து ஓடினீர்களா?'

நாச்சிமுத்து காபி டம்ளரைக் கீழே வைத்தார். பெட்டியின் கீழே சென்ற மாதத்துப் படங்களைத் திறந்தார். நீலக் கோடு முதல் நாள் அவருடைய கோடாக இருந்தது. பிறகு ஒரு நாள் ஒரு மயிரிழை. அடுத்த நாள் இன்னொரு மயிரிழை. அவளுடைய ஷூவுக்குள் உணர்வி இருக்கக் கூடாது என்று அத்தனை கவனமாகப் பார்த்துக்கொண்டவர், தன்னுடைய ஷூவைக் குனிந்து பார்க்கவேயில்லை. அவரே கற்றுக்கொடுத்த நடை. அவருடைய காலில் பாதி ஏறி, தினமும் காலையில், அவருடைய வாசலிலேயே காட்சிக்கு உட்கார்ந்திருந்தது.

படங்களை அழிக்க விரல் போனது. நின்றது. இப்போது அழித்தால், அந்த அழிப்பே ஒரு பதில். அவளுக்குச் சொல்லலாம் என்றால் ஊர் தெரியாது, எண் கிடையாது. அவள் எப்போதாவது எட்டிப் பார்க்கும் ஒரே இடம் இந்தப் பக்கம்தான். இதில் எதை எழுதினாலும் அவனும் படிப்பான்.

ஆகவே, வலைப்பூ தொடங்கிய நாளிலிருந்து செய்யாத ஒன்றை அவர் செய்தார். வாசகருக்குப் பொய்யான விளக்கம் எழுதினார்.

'வணக்கம் நண்பரே. உங்கள் அன்புக்கு நன்றி. துணை யாரும் இல்லை, தனியாகத்தான் ஓடுகிறேன். வலது குதிகாலில் வலி வந்துவிட்டது. வலிக்கும் காலைத் தரையில் அதிக நேரம் வைக்க முடியாது அல்லவா, அதனால் பாரமெல்லாம் இடது காலுக்குப் போயிருக்கிறது. ஒத்தடம் கொடுத்து வருகிறேன். இப்போது பரவாயில்லை.'

படித்துப் பார்த்தார். பொறியியல்படி ஓட்டை எதுவும் இல்லை. அனுப்பினார்.

பிறகு மாடிப்படியின் கீழ் கிடந்த மரச்சட்டத்திலிருந்து ஒரு சில்லு சீவி, வலது ஷூவின் குதிகாலுக்குள் வைத்து, நாடாவை இறுக்கிக் கட்டினார்.

"இப்பத்தானே ஓடிட்டு வந்தீங்க?" என்றார் சாந்தாமணி.

"இன்னொரு சுத்து போயிட்டு வர்றேன்."

"என்ன இது, நொண்டறீங்க?"

"கொஞ்ச நாளைக்கு இப்படித்தான் சாந்தா. கேட்காத."

கேட்பவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லியே பழகிய மனிதர், கேட்காதே என்றது சாந்தாமணிக்குப் புதிதாக இருந்தது. வாசல்வரை வந்து நின்று பார்த்தார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் மரச்சில்லு குதிகாலில் குத்தியது. இந்த வலி இனி தினமும் வேண்டும் என்று நாச்சிமுத்து கணக்குப் போட்டார். ஒரு வாரம் நொண்டி, பிறகு சிறிது சிறிதாக ஆற வைத்து, மறுபடி ஒரு முறை வலி வந்ததாகக் காட்டினால், படம் நம்பும்படி இருக்கும். பெட்டியில் இன்றைய கோடு உடைந்திருக்கும். அவன் அதைப் பார்ப்பான். வேறு எங்காவது மேரியும் பார்ப்பாள், அண்ணனுக்குக் காலில் என்னவோ ஆகிவிட்டது என்று வருந்துவாள். வருந்தட்டும்.

வீடு திரும்பி, படியிலேயே உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். சாக்ஸில் ரத்தம் கசிந்திருந்தது. கைபேசியை எடுத்தார். பதில் வந்திருந்தது.

'உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா. இன்றைய இரண்டாவது ஓட்டத்தின் படத்தைப் பார்த்தேன். மிகவும் வலித்திருக்கும் போல. ஒரே நாளில் எப்படி உடைந்திருக்கிறது பாருங்கள்.

ஆனால் சென்ற மாதம் அப்படி உடையவில்லையே. மெல்ல மெல்ல வளைந்திருந்தது. காயம் என்றால் உடையும், துணை என்றால் வளையும் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள்.

இரண்டால் பெருக்கிப் பார்த்தேன். பிசகில்லாமல் வருகிறது. நேற்று இரவு காணாமல் போனவர்கள் தேடலில் கொடுத்துவிட்டேன்.'

அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு எழுதியிருந்தான்:

'இன்று காலை, ஓர் ஊரில், ஒரு கதவு யோசித்திருக்கிறது.'